காயங் கட்டத் தெரிந்த சமாரியன்



நல்ல சமாரியனின் உவமையை நாம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். பிரசங்கம் செய்பவர்கள் அவனுடைய இரக்கத்தைப் புகழ்வார்கள். விலகிப்போன குருவையும் லேவியனையும் கண்டிப்பார்கள். இரண்டும் சரியே. ஆனால் லூக்காஸ் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தை ஒருமுறை ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். அந்த மனிதன் இரக்கங்கொண்டான் என்று சொல்ல ஆண்டவருக்கு ஒரு சொல்லே போதுமாயிருந்தது. அதன்பின் அவன் செய்தவற்றைத்தான் அவர் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். கிட்டப் போனான். காயங்களில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டுப்போட்டான். தான் ஏறிவந்த மிருகத்தின்மேல் அவனை ஏற்றினான். சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பராமரித்தான். மறுநாள் சத்திரக்காரனுடைய கையில் இரண்டு தெனாரியத்தை, அதாவது அக்காலத்து இரண்டு நாட்கூலியை வைத்தான். மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகக் கணக்கும் பேசிவிட்டுப் போனான்.

இரத்தத்தைக் கண்டு பின்வாங்காத நெஞ்சு, காயத்துக்கு மருந்திடத் தெரிந்த கை, நடக்க முடியாதவனைத் தூக்கி ஏற்றும் பக்குவம், அறியாத ஊரில் அறியாதவனோடு பேசிக் காரியம் முடிக்கும் திறன், காசுக்கணக்கு, சொன்ன சொல்லைக் காக்கும் நாணயம். இவற்றுள் எது பண்பு? எது திறமை? கோடு கீறிப் பிரித்துக் காட்ட முடியுமா? இரக்கம் மாத்திரம் இருந்து ஒன்றுஞ் செய்யத் தெரியாதவனாய் அவன் இருந்திருந்தால், வழியோரத்தில் இருந்து அழுதிருப்பான், காயப்பட்டவன் செத்திருப்பான். எல்லாம் செய்யத் தெரிந்தும் இரக்கமில்லாதவனாய் இருந்திருந்தால், அந்த வழியால் விலகிப்போனவர்கள் இருவரல்ல, மூவர் என்றுதான் உவமை முடிந்திருக்கும்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், ஐந்து வயது முதல் பத்து வயது வரையான நம் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளை நாம் இரண்டாக வெட்டி வைத்திருக்கிறோம். மூளைக்குப் பாடசாலையும் ரியூஷனும். நல்லொழுக்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி. திறமையை ஆசிரியர் பார்த்துக்கொள்ளட்டும், பண்பைச் சுவாமியாரும் கன்னியர்களும் பார்த்துக்கொள்ளட்டும் என்பது நம்மிற் பலருடைய ஏற்பாடு. பிள்ளை ஒன்றே என்பதை மறந்துவிட்டோம்.

இந்தப் பிரிவினையை அரசாங்கத்தின் பாடத்திட்டம் செய்யவில்லை. 1997 இல் வகுக்கப்பட்ட கல்விச் சீர்திருத்தம் 1998 இல் கம்பஹா மாவட்டத்து முதலாந் தரத்திலே தொடங்கி, 1999 இல் நாடு முழுவதற்கும் வந்தது. அதன்படி ஆரம்பக் கல்வி மூன்று நிலைகளாயிற்று. முதலாம் இரண்டாந் தரங்கள் ஒரு நிலை. மூன்றாம் நான்காந் தரங்கள் அடுத்த நிலை. ஐந்தாந் தரம் கடைசி நிலை. தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்பன ஒன்றோடொன்று இணைத்துக் கற்பிக்கப்பட வேண்டியவை. சின்ன வகுப்புகளில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் கூடிய இடம். எழுத்துவேலை மேலே போகப்போகத்தான் கூடும். ஒவ்வொரு நிலையின் முடிவிலும் பிள்ளை கட்டாயம் அடைய வேண்டியவற்றுக்கு அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் என்று பெயரிட்டார்கள். பாடத்தை மனனஞ் செய்தல் தேர்ச்சியாகாது. கற்றதைக் கொண்டு ஒன்றைச் செய்யவல்ல நிலையே தேர்ச்சி.

பின்னர் தேசிய கல்வி ஆணைக்குழு எடுத்துச் சொன்ன அடிப்படைத் தேர்ச்சிகள் ஏழு. தொடர்பாடல், ஆளுமை விருத்தி, சூழல், வேலை உலகுக்கு ஆயத்தமாதல், சமயமும் ஒழுக்கமும், விளையாட்டும் ஓய்வுநேரத்தைப் பயன்படுத்தலும், கற்கக் கற்றுக்கொள்ளுதல். இந்த ஏழையும் பெற்றோர்கள் ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும். சமயமும் ஒழுக்கமும் அங்கே ஒரு தேர்ச்சியாக நிற்கிறது. சமய பாடத்திலே தொண்ணூற்றைந்து புள்ளி எடுத்த பிள்ளை, பக்கத்து வாங்கிற் பென்சில் இல்லாமல் இருக்கும் பிள்ளைக்குத் தன் இரண்டாவது பென்சிலைக் கொடுக்க மறுத்தால், அந்தத் தேர்ச்சியை அவன் அடையவில்லை என்று அரசாங்கத்தின் பாடத்திட்டமே சொல்லும். ஆண்டவர் என்ன சொல்லுவார் என்று நான் சொல்லத் தேவையில்லை. விளையாட்டும் ஓய்வும்கூட அங்கே தேர்ச்சிதான். ரியூஷனுக்கு நேரமில்லை என்று நாம் முதலில் வெட்டி எறிவது அதைத்தான்.

ஆக, தாளிலே எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஐந்தாந் தரத்து வாசலில் ஒரு பரீட்சை நிற்கிறதே, அதன் முன்னால் இந்தத் தாள் பறந்து போய்விடுகிறது.

அந்தப் பரீட்சையைக் குறைசொல்ல முன்னர் அதன் பிறப்பை நினைக்க வேண்டும். கல்வி மந்திரியாயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. கிராமத்து ஏழைப்பிள்ளை, கெட்டிக்காரனாய் இருந்தும் பணமில்லாத காரணத்தால் நல்ல பாடசாலைக்குப் போக முடியாமல் நின்றுவிடக் கூடாது என்ற எண்ணத்தில் எழுந்ததே புலமைப்பரிசில். அது தருமமான எண்ணம். எத்தனையோ குடும்பங்களை அது தூக்கிவிட்டிருக்கிறது. நம் குருக்களிலும் ஆசிரியர்களிலும் வைத்தியர்களிலும் அந்தப் படியில் ஏறி வந்தவர்கள் உண்டு.

நம் பகுதியில் பெற்றோர் அதைப் பற்றிக்கொண்டு நிற்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, மரநிழலிலும் கொட்டில்களிலும் இருந்து படித்த தலைமுறை இன்று பெற்றோராகியிருக்கிறது. வீடு போனது, காணி போனது, கடை போனது; படித்த படிப்பு மாத்திரம் போகவில்லை என்று கண்டவர்கள் அவர்கள். அவர்களுடைய பதற்றத்தைப் பேராசை என்று சொல்லிவிட எனக்கு மனம் வராது. பயந்தவனுக்கு உபதேசம் செய்வது எளிது. அவனுடைய பயம் எங்கிருந்து வந்ததென்று விளங்கிக்கொள்வதே நியாயம்.

ஆனாலும் பயம் எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்று பாருங்கள். 2024 செப்டெம்பர் 15 ஆந் திகதி நடந்த புலமைப்பரிசிற் பரீட்சையிலே, முதலாம் வினாத்தாளின் சில வினாக்கள் முன்கூட்டியே வெளியாகிவிட்டன. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. வெளியான மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி வழங்கும்படி அவ்வாண்டு டிசம்பர் 31 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்து வயதுப் பிள்ளைகளின் பரீட்சை! அதிலே களவு செய்தவர்கள் பத்து வயதுப் பிள்ளைகளல்லர், பெரியவர்கள். எழுதவும் வாசிக்கவும் கணக்குப் பார்க்கவும் நன்றாகத் தெரிந்தவர்கள். தேர்ச்சி குறைந்ததனால் அந்தக் காரியம் நடக்கவில்லை. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட சிறுவர், ஓர் ஆண்டாக விளையாட்டை விட்டுப் படித்துவிட்டு வந்து, நாலு மாதத்துக்கு மேலாகப் பெறுபேறில்லாமற் காத்திருந்தார்கள். நேர்மை என்னும் பாடத்தை நாடு அவர்களுக்குக் கற்பித்த விதம் அது.

அந்த ஆண்டு வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்தவர்கள் ஏறத்தாழ 51 ஆயிரம் பேர். அதாவது ஆறு பிள்ளைகளில் ஒரு பிள்ளை. மற்ற ஐந்து பேரும் என்ன ஆனார்கள்? பாடசாலை மதிலிலே படம் போட்டுக் கட்டிய பதாகையில் அவர்கள் இல்லை. ரியூட்டரி வாசலிலே ஒட்டிய தாளில் இல்லை. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்: சில பங்குகளிலே பூசை முடிவில் சித்தியடைந்த பிள்ளைகளை முன்னே அழைத்துப் பரிசு கொடுக்கிறார்கள். நல்ல நோக்கந்தான். ஆனால் அந்த நேரத்தில் பின்வாங்கிலே தலைகுனிந்து இருக்கும் பிள்ளையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். உலகம் எல்லா இடத்திலும் வரிசைப்படுத்துகிறது. கோவிலிலாவது அவன் வரிசைக்கு வெளியே நிற்க வேண்டாமே.

தாலந்துகளின் உவமையை இந்த இடத்தில் எடுத்துக் காட்டுவோர் உண்டு. தேவன் தந்த தாலந்தைப் புதைத்துவிடாதே, ஓடு, படி, முந்து என்று பிள்ளையைத் தட்டியெழுப்ப அதைப் பாவிக்கிறார்கள். மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரம் அப்படிச் சொல்லுகிறதா? எஜமான் எல்லோருக்கும் ஒரே அளவு கொடுக்கவில்லை. அவனவன் ஆற்றலைப் பார்த்துக் கொடுத்தான். ஒருவனுக்கு ஐந்து, ஒருவனுக்கு இரண்டு, ஒருவனுக்கு ஒன்று. திரும்பி வந்தபோது ஐந்தைப் பத்தாக்கியவனுக்கு ஒரு வாழ்த்துச் சொல்லுகிறான். இரண்டை நாலாக்கியவனுக்கும் ஒரு வாழ்த்துச் சொல்லுகிறான். இருபத்தோராம் வசனத்தையும் இருபத்து மூன்றாம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு வாழ்த்தும் சொல்லுக்குச் சொல் ஒன்றே. பத்துக்காரனுக்குப் பெரிய கிண்ணமும் நாலுகாரனுக்குச் சின்னக் கிண்ணமும் கொடுக்கவில்லை. வெட்டுப்புள்ளியும் வைக்கவில்லை. எஜமான் பார்த்தது அவர்களுடைய உண்மையையே.

மூன்றாமவன் ஏன் புதைத்தான்? சோம்பலால் என்று நாம் சொல்லுகிறோம்; எஜமானும் அப்படித்தான் கடிந்துகொண்டான். ஆனால் அவனே சொன்ன காரணம் வேறு. எஜமானுக்குப் பயந்தேன் என்றான். பயந்தவன் புதைப்பான். பயந்த பிள்ளையும் அப்படியே. பிழை வந்தால் ஏச்சு விழுமென்று பயந்த பிள்ளை கையை உயர்த்தாது, கேள்வி கேட்காது, தெரிந்ததையும் சொல்லாது, பக்கத்துக் கொப்பியைப் பார்த்து எழுதும். வீட்டிலே எத்தனை பொய்கள் பயத்திற் பிறக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

பிரம்பினால் ஒழுக்கம் வரும் என்று இன்னும் நம்புகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நாங்கள் அடி வாங்கித்தானே மனிதரானோம் என்பார்கள். அடி வாங்கியும் மனிதராகாதவர்களை அவர்கள் எண்ணுவதில்லை. பாடசாலைகளில் அடிப்பதைத் தடுத்து 2005 இல் கல்வி அமைச்சுச் சுற்றுநிருபம் அனுப்பிற்று. சுற்றுநிருபத்துக்கு வெகுகாலத்துக்கு முன்னரே, 1877 இல், புனித டொன் பொஸ்கோ தமது கல்வி முறையைச் சுருக்கி எழுதினார். தண்டித்துத் திருத்துவதற்குப் பதிலாக, பிள்ளையோடு கூட இருந்து, பிழை நேரமுன் காப்பதே அந்த முறை. நியாயம், சமயம், அன்பு என்ற மூன்றிலும் அவர் அதைக் கட்டினார். தூரின் நகரத்தில் அவர் சேர்த்தெடுத்தவர்கள் நல்ல வீட்டுப் பிள்ளைகளல்லர். தெருவிலே திரிந்த பையன்கள். அவர்களுக்குச் செபத்தை மாத்திரமா கற்பித்தார்? தையலும் சப்பாத்து வேலையும் தச்சும் அச்சுவேலையும் கற்பித்தார். கைக்கு ஒரு தொழிலும் நெஞ்சுக்கு ஒரு நாணயமும் ஒரே கூரையின் கீழ்க் கிடைத்தன. பிரம்புக்குக் கீழ்ப்படியும் பிள்ளை பிரம்பு இல்லாத இடத்தில் யாருக்குக் கீழ்ப்படியும்?

பிள்ளைக்கு எந்த வயதிலே நன்மை தின்மை தெரியும்? இந்தக் கேள்விக்குத் திருச்சபை ஒரு விடை சொல்லியிருக்கிறது. பாப்பரசர் பத்தாம் பத்திநாதரின் காலத்தில், 1910 ஆகஸ்ட் 8 ஆந் திகதி வெளியான ஆணை, புத்தி விபரம் தெரியும் வயது ஏறத்தாழ ஏழு என்று வைத்தது. அதற்கு முன் பல இடங்களிலே பத்து, பன்னிரண்டு வயது வரையும் பிள்ளைகளைத் திவ்விய நற்கருணைக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள். பாப்பரசர் அந்தக் கதவைத் திறந்தார். ஏழு வயதுப் பிள்ளை தன் மனச்சாட்சியைச் சோதித்துப் பாவசங்கீர்த்தனம் செய்யவல்லது என்று திருச்சபை நம்புகிறது. அந்த வயதிலே பிள்ளை பாடசாலையில் எங்கே இருக்கிறது? இரண்டாம் மூன்றாந் தரத்தில். மனச்சாட்சி விழிக்கும் அந்த ஆண்டுகளும் ஆரம்பப் பாடசாலையின் ஆண்டுகளும் ஒன்றே. அப்படிப்பட்ட காலத்தில் நாம் பிள்ளையின் கண்முன்னே என்ன செய்கிறோம்?

ஒப்படை என்று ஒன்றைப் பாடசாலையிலே கொடுக்கிறார்கள். சுற்றாடல் பாடத்துக்கு மட்டைக் கடிகாரம், இலைத் தொகுப்பு, மண்வீட்டு மாதிரி என்று ஏதாவது ஒன்று. பிள்ளை தன் கையாலே வெட்டி ஒட்டிப் பழக வேண்டும் என்பதே நோக்கம். நடப்பது என்ன? பிள்ளை நித்திரையாகிவிடும், இரவு பத்து மணிக்குத் தகப்பன் கத்தரிக்கோலோடு இருப்பார். தகப்பனுக்கு நேரமில்லையென்றால் கடையிலே செய்து வைத்திருப்பதை வாங்கலாம். காலையிலே பிள்ளையின் பெயரை எழுதி ஒட்டி அனுப்புவார்கள். வகுப்பிலே அந்தக் கடிகாரம் அலுமாரிக்கு மேலே ஏறும். தன் கையாலே கோணலாய் வெட்டிக் கொண்டுவந்த பிள்ளையின் கடிகாரம் மூலையிலே கிடக்கும். ஆசிரியருக்கும் யாருடைய கைவேலை எது என்று தெரியும். தெரிந்தும் அழகானதுக்கே புள்ளி.

அந்த ஒரு காலையில் அந்தப் பிள்ளை என்ன கற்றது? தன் கை போதாது என்று கற்றது. மற்றவன் செய்ததிலே தன் பெயரை எழுதலாம் என்று கற்றது. அம்மாவும் அப்பாவும் ரீச்சரும் அதற்கு உடன்பாடு என்றும் கற்றது. பத்துக் கற்பனைகளிலே ஏழாவதையும் எட்டாவதையும் ஞாயிற்றுக்கிழமை அட்சரம் பிசகாமல் ஒப்புவித்த பிள்ளை, திங்கட்கிழமை இரண்டையும் ஒரே மட்டைக் கடிகாரத்தில் மீறப் பழக்கப்படுகிறது. கோணற் கடிகாரத்தைச் செய்த பிள்ளையோ திறமையையும் உண்மையையும் ஒன்றாகக் கொண்டுவந்திருந்தது. அதைக் கண்டு சொல்ல ஒருவரும் இல்லை. ஆசிரியப் பெருமக்களே, அந்தக் கோணற் கடிகாரத்தைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வையுங்கள். பிள்ளை அதை எப்படிச் செய்தது, எங்கே பிழைத்தது, அடுத்தமுறை எப்படி வெட்டும் என்று வகுப்பின் முன்னே சொல்ல வையுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் தொடர்பாடலும் கைத்திறனும் கற்கக் கற்றலும் நேர்மையும் ஒன்றாக நடந்துவிடும். அதற்குத் தனிப் பாடவேளை வேண்டியதில்லை.

எழுத்தையும் ஒழுக்கத்தையும் ஒன்றாய்ச் சேர்த்துக் கற்பிப்பது நமக்குப் புதிதா? ஒளவையாரின் ஆத்திசூடி அகர வரிசையிலே ஓடுகிறது. நம் முன்னோரின் பிள்ளைகள் எழுத்தைக் கூட்டும்போதே அறத்தையும் கூட்டினார்கள். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சின்னப் பிள்ளைகளுக்கென்று பாலபாடங்களை எழுதினார். வாசிப்பும் நல்லொழுக்கமும் அவற்றிலே ஒரே பக்கத்தில் இருந்தன. அவர் சைவத்துக்காக நம்மவரோடு கடுமையாய் வாதாடியவர். அதனால் அவரிடம் கற்கக் கூடாதென்று எந்தக் கற்பனையும் இல்லை. பிரான்ஸ் தேசத்தில், டிலாசால் சகோதரர்களின் சபையை நிறுவிய புனித ஜோன் பப்ரிஸ்ற் டி லா சால், 1703 இல் பிள்ளைகளின் நன்னடக்கை பற்றி ஒரு நூல் எழுதினார். அதைத் தமது பாடசாலைகளிலே வாசிப்புப் புத்தகமாகவும் வைத்தார். பிள்ளை வாசிக்கப் பழகியது. வாசித்தபடியே பிறருக்கு எப்படி மரியாதை செய்வதென்றும் பழகியது. இலத்தீனில் தொடங்குவது அக்கால வழக்கம். ஏழைப் பிள்ளைக்குத் தாய்மொழியே முதலில் வேண்டுமென்று அவர் பிரெஞ்சில் தொடங்கினார். 1950 இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். ஐந்தாந் தரம் வந்தவுடன் மறைக்கல்வி வகுப்பில் இடங்கள் வெறுமையாகின்றன. கேட்டால், "இந்த ஒரு வருஷம் மாத்திரம், சுவாமி" என்கிறார்கள். அந்த ஒரு வருஷத்தில் பிள்ளை கேட்காமலே ஒரு பாடத்தைப் படித்துவிடுகிறது: அவசரம் வந்தால் முதலில் விடக்கூடியது ஆண்டவருடைய நாளே. அதை நாம் வாயாற் சொல்லவில்லை, நேரசூசியாற் சொன்னோம். சாதாரண தரமும் உயர்தரமும் வரும்போது பிள்ளை அந்தப் பாடத்தை மறக்காமல் ஒப்புவிக்கும்.

அதே நேரத்தில், மறைக்கல்வி வகுப்பையும் சற்றுத் திருப்பிப் பார்ப்பது நல்லது. அங்கும் கேள்விக்கு விடையை மனனஞ் செய்வித்து, ஆண்டு முடிவில் பரீட்சை வைத்துப் புள்ளி போட்டு, முதலாம் இரண்டாம் மூன்றாம் என்று பரிசு கொடுத்தால், ரியூட்டரிக்கும் நமக்கும் வித்தியாசம் கூரையிலுள்ள சிலுவை ஒன்றுதான். பன்னிரண்டு வயதில் யேசு தேவாலயத்திலே போதகர்களின் நடுவில் இருந்ததை லூக்காஸ் எழுதுகிறார். அவர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்? கேட்டுக்கொண்டும் வினாவிக்கொண்டும் இருந்தார். விடைகளைக் கண்டு எல்லோரும் வியந்தது அதற்கு அடுத்த வசனத்தில்தான். முதலில் செவி, பிறகு கேள்வி, அதன்பின் விடை. நம் பிள்ளைகளுக்கு நாம் கடைசி ஒன்றை மாத்திரமே பழக்குகிறோம். அதுவும், கொடுத்த நாலு விடைகளில் சரியானதன் கீழே கோடு கீறும் பழக்கத்தை.

அந்தச் சம்பவத்தின் முடிவையும் பாருங்கள். போதகர்களே வியந்த பிள்ளை பெற்றோரோடு நாசரேத்துக்குத் திரும்பிப் போய் அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார். ஞானத்திலும் வயதிலும், தேவனுடைய தயவிலும் மனிதருடைய தயவிலும் வளர்ந்தார் என்று சுவிசேஷகர் முடிக்கிறார். எருசலேமிலே நல்ல பாடசாலை இருக்கிறதே, இங்கேயே விட்டுவிடுவோம் என்று மாதாவும் சூசையப்பரும் எண்ணவில்லை. நாசரேத்திலே ஒரு தச்சுப் பட்டறை இருந்தது. ஊரார் அவரைத் தச்சன் என்றே அறிந்திருந்தார்கள் என மாற்கு எழுதுகிறார். மரத்தை அளக்கவும் அறுக்கவும் அந்தக் கைகள் பழகின. வளைந்த மரத்தை நேர்மரம் என்று விற்காதிருக்கவும் பழகியிருக்கும்.

நம் வீடுகளிலே இன்று, "நீ படி, மற்றதெல்லாம் நாங்கள் பார்க்கிறோம்" என்பதே வேதவாக்கு. பிள்ளை சாப்பிட்ட கோப்பையை அம்மா எடுப்பார். சப்பாத்துக் கயிற்றை அப்பா கட்டுவார். புத்தகப் பையை அம்மம்மா அடுக்குவார். இதை அன்பென்று எண்ணுகிறோம். பத்து வயதிலே தேங்காய் துருவவோ முற்றம் கூட்டவோ சைக்கிள் சங்கிலியை மாட்டவோ தெரியாத பிள்ளை, நுண்ணறிவு வினாத்தாளில் முழுப்புள்ளி எடுத்தாலும், ஒரு வீட்டுக்கு உதவாது. உதவத் தெரியாத பிள்ளை உதவ வேண்டும் என்று நினைக்கவும் மறந்துவிடும். காய்ச்சலாய்க் கிடக்கும் அம்மாவுக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுக்க மனமிருந்தும், அடுப்பு மூட்டத் தெரியாமல் கதவடியில் நிற்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அந்த மனமும் சிலநாள் நின்றுவிட்டுப் போய்விடும்.

1965 ஒக்டோபர் 28 இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்விப் பிரகடனம், பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் பெற்றோரே என்று சொல்லிற்று. ஞானஸ்நானத் தொட்டியண்டை நின்று அந்தப் பொறுப்பை நாமே வாய்விட்டு ஏற்றுக்கொண்டோம். முதன்மை ஆசிரியர் என்றால் ரியூஷன் மாஸ்ரருக்குக் காசு கட்டுபவர் என்று பொருளல்ல. கடைக்குப் பிள்ளையை அனுப்புங்கள். ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்து, பருப்பும் சீனியும் வாங்கிவரச் சொல்லுங்கள். வழியிலே ஒரு கிழவியைக் கண்டால் வணக்கஞ் சொல்லட்டும். கடைக்காரரோடு மரியாதையாய்ப் பேசட்டும். மனதிலே கணக்குப் பார்க்கட்டும். கடைக்காரர் மறந்து இருபது ரூபாய் கூடத் தந்துவிட்டால், வீட்டுக்கு வந்தபின் அதைக் கண்டுபிடிக்கட்டும். அப்போது நீங்கள் சிரித்து, "பறவாயில்லை, வைத்திரு" என்றால் ஒரு பாடம். செருப்பைப் போட்டுக்கொண்டு பிள்ளையோடு கடைக்குத் திரும்பி நடந்தால் இன்னொரு பாடம். கூட்டலும் கழித்தலும் தெரியாத பிள்ளைக்கு அந்த இருபது ரூபாய் கூட வந்தது தெரிந்திருக்கவே மாட்டாது. கூட்டவும் கழிக்கவும் மாத்திரம் தெரிந்த பிள்ளை அதைச் சட்டைப்பையிற் போட்டுக்கொண்டு போயிருக்கும்.

பெற்றோரே, பெறுபேறு வரும் நாள் உங்கள் வீட்டுக்கும் வரும். கைத்தொலைபேசி ஓயாது. உறவினர் ஒருவர் விடாமல் எத்தனை புள்ளி என்று கேட்பார்கள்; மாமி கேட்பார், வெளிநாட்டிலிருந்து சித்தப்பா கேட்பார். அன்றைக்குப் பிள்ளையை அறைக்குள் பூட்டி வைக்காதீர்கள். வந்தவர்களின் முன்னால் நிறுத்திவைத்துக் காட்டவும் வேண்டாம். உங்கள் பிள்ளை வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்திருந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளை கீழே வந்திருக்கலாம். பின்னேரம் உங்கள் பிள்ளையின் கையிலே காசைக் கொடுத்து, அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே ஐஸ்கிறீமை ஒரே அளவில் வாங்கிக்கொண்டு, மிச்சத்தை எண்ணிக் கொண்டுவரட்டும்.